மொட்டை மாடியில் பதினோரு பழம்

என் தோட்டத்துப் பழமான்னு கேட்டீங்க பாருங்க, அந்த ஒரு கேள்விக்கு மட்டும் நான் இனிமே பொய் சொல்றதில்லைங்க. இல்லீங்க, என் தோட்டத்துது இல்ல. குன்னூருக்கு மேல ஒரு வீட்டுல குடுத்து விட்டாங்க. எடுத்துக்குங்க, ரெண்டா எடுங்க, கழுவினதுதான். எனக்கு வேண்டாங்க.

அந்தச் சன்னலைச் சித்த சாத்திக்கிறீங்களா? மலைப் பாதையில பஸ்ஸு வளைஞ்சு எறங்கினா எனக்குத் தலை சுத்தும். பேசிக்கிட்டே வந்தா சுத்தாது. உங்களைப் பாத்தா டீச்சர் மாதிரி இருக்கீங்க. இல்லீங்களா? பேங்க்கா? சரிங்க, பேங்க்குல இருக்கறவங்களும் பொறுமையாத்தான் கேப்பாங்க.

நான் கோயமுத்தூருங்க, வடவள்ளி. சொந்த வீடு. மேல நாங்க ரெண்டு பேரு, கீழ் வீடு வாடகைக்கு. எங்க வீட்டுக்காரரு மில்லுல சூப்பர்வைசரா இருந்து ரிட்டையர் ஆனவரு. அவருக்கு டிவி, எனக்கு மொட்டை மாடி. நாப்பது தொட்டி இருக்குதுங்க. கத்திரி, தக்காளி, பீர்க்கங்காய், நாலு கீரை. எல்லாரும் வெக்கிறதுதான். அதுதானுங்க என் பிரச்சனையே. எல்லாரும் வெக்கிறதையே நாமளும் வெச்சா யாருங்க திரும்பிப் பாப்பாங்க?

'மாடித் தோட்டத் தோழிகள்'னு ஒரு வாட்ஸ்அப் குரூப்புல இருக்கேனுங்க. இருநூத்தி நாப்பது பேரு. அமிர்தவல்லி மேடம்னு, காலேஜுல செடி கொடிப் பாடம் எடுத்தவங்க, அவங்கதான் அதுக்குத் தலைவி. நான் கூடை நெறையக் கத்திரிக்காய் போட்டோ போட்டா நாலு பேரு கை தட்டுவாங்க. ஒருத்தி ஒத்தை டிராகன் பழத்தைப் போட்டா நூறு பேரு. எனக்குப் பேருக்கெல்லாம் ஆசை இல்லீங்க. எங்க சொந்தத்துல கேட்டுப் பாருங்க, தமயந்திக்கு அந்த ஆசையே கிடையாதும்பாங்க. ஆனா நாலுன்னா, நாலே பேருதானுங்களா?

போன ஆவணியில கீழ் வீட்டுக்கு ஒரு சின்ன ஜோடி குடி வந்துது. பையனுக்கு மோட்டார் கம்பெனியில வேலை. பொண்ணு பேரு நிரோஷா. குன்னூர்ப் பொண்ணு. வரும்போதே முழுகாம இருந்தா, ரெண்டு மாசம். மசக்கைன்னா அப்படியொரு மசக்கைங்க. சோத்து வாசனை ஆகாது, தாளிக்கிற வாசனை ஆகாது, நம்ம ஊரு வெய்யல் சுத்தமா ஆகாது. பாவம், பொழுதோட மாடிக்கு வந்து காத்து வாங்குவா. நான் செடிக்குத் தண்ணி ஊத்துவேன், அவ தொட்டி ஓரத்துல உக்காந்து பேசுவா.

"எங்க வீட்டுப் பின்னாடி ஸ்ட்ராபெரி இருக்கும்மா. எந்திரிச்சதும் பல்லு கூட வெளக்காமப் போயிப் பறிச்சுத் திம்போம். கடையில இருக்கறதுலெல்லாம் அந்த ருசி வராது. பறிச்ச கையோட வாயில போடணும்"னா ஒரு நாளு.

"இங்க வெச்சா வராதா?"ன்னேன்.

"வராதும்மா. இந்தச் சூட்டுக்கு எங்க வரும்?"

வராதுன்னு சொன்னா பாருங்க, அங்கதான் எனக்குப் புடிச்சுக்கிச்சு.

அவங்கம்மா கிட்டச் சொல்லி ஆறு செடி வரவழைச்சவ அவதானுங்க. ஈரச் சாக்குல சுத்தி, அவ புருசன் பஸ்ஸுல கொண்டாந்தான். நடுக்குருத்தை மண்ணுல மூடக் கூடாதும்மான்னு சொல்லிக் குடுத்ததும் அவதான். பச்சை வலை கட்டச் சொன்னதும், பழம் மண்ணுல படாம அடியில வைக்கோல் போடச் சொன்னதும் அவதான். நான் என்ன பண்ணினேன்? தண்ணி ஊத்தினேன். குரூப்புல போடும்போது மட்டும் 'என் புதிய முயற்சி'ன்னு போட்டேனுங்க. அதுல தப்பில்லையே, தண்ணி நான்தானே ஊத்தினேன்?

மார்கழிக் குளிருக்கு நாலு செடி பூத்துதுங்க. வெள்ளைப் பூ, நடுவுல மஞ்சப் பொட்டு. அது உதுந்ததும் பச்சையா ஒரு பொத்தான். நாளைக்கு நாலு தடவை போயிப் பாப்பேன். பொத்தான் வெளுக்கும், அப்புறம் நுனியில மட்டும் செவக்கும். நுனியிலேர்ந்து மெதுவா மேல ஏறும் பாருங்க அந்தச் செவப்பு, அதைப் பாக்கறதுக்கே காலையில காப்பி வேண்டாமுங்க எனக்கு. பொங்கலுக்கு மொத நாளு ஒண்ணு முழுசாச் செவந்துருச்சு. நிரோஷாதான் சொன்னா, "இழுத்துப் பறிக்காதீங்கம்மா, காம்பை நகத்தால கிள்ளுங்க"ன்னு. கிள்ளினேன். சட்டுன்னு கையில விழுந்துது. வெய்யல் பட்டு இளஞ்சூடா இருந்துதுங்க பழம். வாசனை விரலெல்லாம் ஒட்டிக்கிச்சு.

அதைப் போட்டோ எடுத்துட்டு நானும் எங்க வீட்டுக்காரரும் பாதி பாதியாத் தின்னோம். அம்பத்தெட்டு வருசத்துல அப்படியொரு ருசி நான் பாத்ததில்லைங்க. பொய் இல்லீங்க, இது பொய் இல்ல. அந்த ஒரு பழம் நெசந்தான்.

அவளுக்கா? அவளுக்குக் குடுக்கலீங்க. அடுத்தது குடுத்துக்கலாம்னு நெனச்சேன். அடுத்தது நல்லாச் செவக்கட்டும், பெரிசா ஒரு போட்டோ எடுத்துட்டுக் குடுக்கலாம்னு செடியிலேயே விட்டு வெச்சேன். அணில் தின்னுட்டுப் போயிருச்சு. நான் என்ன பண்ணட்டும்?

மொதப் பழத்து போட்டோவுக்கு நூத்தி அறுவத்தி மூணு பேரு கை தட்டினாங்க. எண்ணினேனான்னு கேக்காதீங்க, அதுவே காட்டும். அமிர்தவல்லி மேடமே போன்ல கூப்பிட்டாங்க. "தமயந்தி, கோயமுத்தூர்ல ஸ்ட்ராபெரியா! நம்ம குரூப்புக்கே பெருமை. வர்ற ஞாயித்துக்கிழமை பதினஞ்சு பேரு பாக்க வர்றோம். செடியில எத்தனை பழம் இருக்கு?"

பதினொண்ணுன்னு சொன்னேனுங்க.

அணில் தின்னது போகச் செடியில இருந்தது வெறும் இலை. பத்துன்னா பொய் மாதிரி இருக்கும்னு பதினொண்ணு. அந்த நேரத்துக்கு வாயில வந்துருச்சு. ஒரு தடவை சொன்னதுக்கப்புறம் எப்படீங்க இல்லைங்கறது?

சனிக்கிழமை பழக்கடையில டப்பா டப்பாவாத் தொறந்து, காம்பு நீளமா இருக்கறதாப் பொறுக்கினேன். கடைக்காரன் என்னை ஒரு மாதிரிப் பாத்தான். வீட்டுக்கு வந்து, தையல் நூலால ஒவ்வொரு பழமாச் செடியில கட்டினேனுங்க. நூலு வெளிறித் தெரிஞ்சுது. கறிவேப்பிலைப் பச்சைதான் ஒத்து வரும்னு டவுன்ஹால் வரைக்கும் போயி வாங்கிட்டு வந்தவரு எங்க வீட்டுக்காரரு. "ஏம்புள்ள இது?"ன்னு ஒரே ஒரு தடவை கேட்டாரு. அதுக்கு மேல கேக்கலை. அவரு அதட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் நிறுத்தியிருப்பேனுங்க. அவரு மேலயும் தப்பு இருக்குது.

கட்டி முடிச்சுத் தள்ளி நின்னு பாத்தா, உங்க கிட்டச் சொல்றதுக்கென்ன, கண்ணுல ஒத்திக்கலாம் போல இருந்துது. மூணடி தள்ளிக் கயிறு கட்டி, 'தொடாதீர்கள்'னு அட்டை எழுதித் தொங்க விட்டேன்.

ஞாயித்துக்கிழமை வந்தாங்க. பதினஞ்சு சொல்லி இருவத்திரண்டு பேரு. கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னு போட்டோவா எடுத்துத் தள்ளினாங்க. அமிர்தவல்லி மேடம் எனக்குப் பொன்னாடை போத்தினாங்க. எல்லாரும் கை தட்டினாங்க. அப்ப, படி ஏற முடியாமக் கொஞ்ச நாளா மாடிக்கு வராம இருந்த நிரோஷா மேல வந்தாளுங்க. ஏழு மாசம் முடிஞ்சு எட்டு. படி ஏறினதுல மூச்சு வாங்குது. பழத்தைப் பாத்தா பாருங்க, அந்த மூஞ்சி எனக்கு இன்னும் மறக்கலை. அவங்க வீட்டையே பாத்த மாதிரி.

"அம்மா, இத்தனை காய்ச்சுதா! சொல்லவே இல்லையே. ஒண்ணே ஒண்ணு நான் பறிச்சுக்கட்டுமாம்மா? என் கையால?"

சொல்லிக்கிட்டே கயித்துக்கு அடியில குனிஞ்சு உள்ள வந்துட்டா. கையை நீட்டிட்டா. நான் ஓடிப் போயி அந்தக் கையில ஒரு அடி போட்டேனுங்க. பட்டுன்னு. வாயும் வயிறுமா இருக்கற புள்ளையை.

அமிர்தவல்லி மேடம், "என்ன தமயந்தி இது, புள்ளத்தாச்சி ஆசையாக் கேக்குது, ஒரு பழம்தானே?"ன்னாங்க. அவங்க கேட்டது நியாயம். நான் பதில் சொல்லியாகணும். இருவத்திரண்டு பேரு பாக்கறாங்க. கழுத்துல பொன்னாடை. பதில் சொல்லலைன்னா யாராவது கிட்டப் போயிப் பாப்பாங்க.

"உங்களுக்குத் தெரியாதுங்க மேடம். ஆறு செடி வெச்சேன், ரெண்டு போயிருச்சு. இவ வந்து பாத்துட்டுப் போன மறுநாளே போயிருச்சு. சிலருக்குக் கண்ணு அப்படி. அவ மேல தப்பு சொல்லலை, கண்ணு அப்படி"ன்னேன்.

எங்கிருந்து வந்துதுன்னு தெரியலீங்க. ரெண்டு செடி போனது வேரு அழுகித்தான். நான் தண்ணி அதிகமா ஊத்தினது. எனக்குத் தெரியும்.

அடி வாங்கின கையை முந்தானைக்குள்ள வெச்சுக்கிட்டா. படி எறங்கிப் போனா. பக்கத்துல நின்ன ஒருத்தி, தான் வாங்கிட்டு வந்திருந்த ரோசாத் தொட்டியை எடுத்து முதுகுக்குப் பின்னாடி மறைச்சுக்கிட்டா. அதையும் நான் பாத்தேன்.

அதோட விட்டேனா? கட்டின பழம் எத்தனை நாளைக்குத் தாங்கும்? மூணாம் நாளு பதினொண்ணும் சுருங்கிக் கறுத்துப் போச்சு. நூலை அறுத்துட்டுக் குரூப்புல போட்டோ போட்டேனுங்க. 'கண் பட்டுவிட்டது தோழிகளே'ன்னு. எண்பது பேரு அழுதாங்க. அந்த அழுகைப் பொம்மை இருக்குதுல்லீங்க, அது.

அன்னைக்குச் சாயங்காலம் அவ மேல வந்தா. நூல் இல்லாத பழம், வைக்கோல் மேல கறுத்துக் கெடக்குது. பாத்துட்டு அப்படியே நின்னா. அழலை. "அம்மா, சுத்திப் போட்டுப் பாத்துரலாமா? கண்ணு இருந்தா மிளகா நெடி வராதும்பாங்கல்ல. நெடி வந்துட்டா என் மேல தப்பில்லைன்னு ஆயிரும்மா"ன்னா.

அந்தப் புள்ளைக்கு அது ஒரு பரிட்சை மாதிரிங்க. பாஸ் ஆயிடணும்னு வந்து நிக்குது. நான் அப்பவாவது வாயைத் தொறந்திருக்கலாம். ரெண்டு பேருதான் இருந்தோம். தொறக்கலை. உப்பும் மிளகாயும் எடுத்தாந்து செடிக்கு மூணு சுத்துச் சுத்தி, கொட்டாங்குச்சி நெருப்புல போட்டேன்.

நெடியே வரலீங்க. ஒரு தும்மல் இல்ல, ஒரு இருமல் இல்ல.

எப்படீங்க வரும்? அது போன வருசத்து மிளகா. பூச்சி அரிச்சுக் காரமெல்லாம் போயி, தூக்கிப் போடணும்னு டப்பாவுல தனியா வெச்சிருந்தது. நல்ல மிளகாயை எதுக்கு நெருப்புல போடணும்னு இதை எடுத்தாந்தேன். அப்படித்தான் எடுத்தேன், சிக்கனத்துக்கு. வேணும்னு எடுக்கலை. இல்லை, வேணும்னுதான் எடுத்தேனோ என்னமோ. இப்ப யோசிச்சா எனக்கே தெரியலீங்க. தெரியாதுங்கறதே வெக்கமா இருக்குது.

அவ நெருப்பு அணையற வரைக்கும் நின்னு பாத்தா. மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பாத்தா, வருதா வருதான்னு. அப்புறம், "மன்னிச்சுக்கங்கம்மா. நான் வேணும்னு பாக்கலை"ன்னா. எங்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போறாளுங்க. நான், "பரவால்ல சாமி, விடு"ன்னேன். பெரிய மனசு எனக்கு.

அதுக்கப்புறம் மாடிக்கு வரவே இல்ல. வளைகாப்பு முடிஞ்சு அம்மா வீட்டுக்குப் போயிட்டா. மாசிக் கடைசியில பொண்ணு பொறந்துதுன்னு அவ புருசன் வந்து சொன்னான். எனக்குத் தூக்கம் போச்சுதுங்க. நேர்ல போயிச் சொல்லிரணும்னு தினமும் நெனைப்பேன். இன்னைக்குத்தான் கெளம்பினேன். குழந்தைக்கு ரெண்டு சட்டை வாங்கிக்கிட்டு, பஸ்ஸுல என்ன சொல்றதுன்னு மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே போனேன்.

நல்ல மனுசங்க. சொந்தபந்தம், ஒறம்பரை வந்த மாதிரி ஓடியாடுனாங்க. அவங்கம்மா என்னைப் பின்னாடி கூட்டிட்டுப் போயி, "பறிங்கம்மா, உங்க கையால பறிங்க"ன்னாங்க. வரிசை வரிசையா வைக்கோல் மேல பழம். இலையைத் தூக்கினா அதுக்கடியில நாலு. எனக்குக் கையே போகலை. "நிரோஷா வரலையா?"ன்னு கேட்டேன். "அவ இந்தப் பக்கமே வர்றதில்லைங்க. வந்ததுலேர்ந்து ஒரு பழம் பறிக்கலை"ன்னாங்க.

உள்ள வந்தா, அவ குழந்தைக்குப் பால் குடுத்துக்கிட்டு இருந்தா. குழந்தை மூஞ்சி மேல ஒரு துணி. இவ செவுத்தைப் பாத்துக்கிட்டுக் குடுக்கறா. ஈக்குத்தான் துணின்னு நெனச்சேன். அவங்கம்மா அடுப்படியில மெதுவாச் சொன்னாங்க. "பொறந்ததுலேர்ந்து இப்படித்தாங்க. பால் குடுக்கறா, குளிப்பாட்டறா, எல்லாம் செய்யறா. மூஞ்சியை மட்டும் பாக்க மாட்டேங்கறா. கேட்டாச் சொல்லவும் மாட்டேங்கறா. டாக்டர் கிட்டக் கூட்டிட்டுப் போகலாம்னு மாப்பிள்ளை சொல்றாரு. என்னன்னே புரியலைங்க."

எனக்குப் புரிஞ்சுதுங்க. இந்த உலகத்துலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் புரிஞ்சுது.

பக்கத்துல போயி உக்காந்தேன். வாய் வரைக்கும் வந்துருச்சு. அவ என் கையைப் புடிச்சுக்கிட்டு மெதுவாக் கேக்கறா. "அம்மா, நீங்க துணியை எடுத்துப் பாத்துச் சொல்லுங்க. பாப்பா யாரு மாதிரி இருக்கா?"

பெத்தவ என்னைக் கேக்கறாளுங்க. நான் துணியை எடுத்துப் பாத்தேன். அவளையே உரிச்சு வெச்சிருக்குது. "உன்னை மாதிரிதான் சாமி"ன்னேன்.

"கண்ணு மட்டும் அவங்கப்பா மாதிரி இருந்தாப் போதும்மா"ன்னா.

அப்பச் சொல்லியிருக்கணுமுங்க. அவங்கம்மா டீயோட வந்துட்டாங்க. டீயைக் குடிச்சேன். சட்டையைக் குடுத்தேன். டப்பா நெறையப் பழத்தைக் கட்டிக் கையில குடுத்தாங்க. வாங்கிக்கிட்டு வந்துட்டேன். பஸ்ஸு போயிரும்னு சொல்லிட்டு வந்தேன். அரை மணிக்கு ஒரு பஸ்ஸு இருக்குது.

என்னங்க?

ஆமாங்க, சொல்லாமத்தான் வந்துட்டேன். அதைத்தானே இவ்வளவு நேரமாச் சொல்றேன். அடுத்த மாசம் திரும்பப் போவேன். இல்லைன்னா எங்க வீட்டுக்காரரை விட்டுச் சொல்லச் சொல்லலாம். ஒரு லெட்டர் எழுதலாம். சொன்னா அவங்க என்ன நெனைப்பாங்க என்னைப் பத்தி? அவ புருசன் குரூப்புல எழுதிட்டான்னா? இருநூத்தி நாப்பது பேருங்க.

அப்படிப் பாக்காதீங்க. உங்களுக்குச் சொல்லிட்டேன்ல, யாருன்னே தெரியாத உங்களுக்கு. உங்க கிட்டச் சொல்றது சுலபமா இருந்துதுங்க. நீங்க மேட்டுப்பாளையத்துல எறங்கிருவீங்க.

இப்பவா? பஸ்ஸுலயா? இத்தனை பேரு இருக்காங்க. டிரைவரு கூடப் பாட்டை நிறுத்திட்டாரு, எல்லாருக்கும் கேக்கும்.

ஒரு மாசமா அந்தக் குழந்தை துணிக்கடியில கெடக்குதுன்னு சொல்றீங்க. ஆமாங்க. தெரியுது. தெரியுதுங்க.

நம்பர் இருக்குது. சிக்னலும் ரெண்டு கோடு காட்டுது. இந்தாங்க, நீங்களே அமுத்திக் குடுங்க. பேரு நிரோஷான்னு இருக்கும், கீழ் வீடுன்னு பக்கத்துல போட்டிருக்கும். அடிக்குதா? குடுங்க.

அலோ. நிரோஷா, நான் தமயந்தி அம்மா பேசறேன் சாமி. இன்னும் போகலை, பஸ்ஸுலதான் இருக்கேன். பழமா? இல்ல, பழத்துக்குக் கூப்பிடலை. ஒண்ணு கேளு. பாப்பா முழிச்சிருக்குதா? மடியில எடுத்து வெச்சுக்க. வெச்சுட்டியா? இப்ப அந்தத் துணியை எடு.

எடு சாமி. ஒண்ணும் ஆகாது. நான் சொல்லப் போறதை நீ அவ மூஞ்சியைப் பாத்துக்கிட்டே கேளு.